அம்மாவுக்கு இனி சிகிச்சை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் வைத்து எப்படிப் பார்த்துக்கொள்வது?

அரவேணு மகள் (கோத்தகிரி)

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு இரைப்பையில் புற்றுநோய். கோவையில் கீமோ கொடுத்தோம். இப்போது கல்லீரலுக்குப் பரவிவிட்டது, இனிமேல் கீமோவை உடம்பு தாங்காது, வீட்டுக்குக் கூட்டிப்போய் நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள். நல்லபடியாக என்றால் எப்படி என்று யாரும் சொல்லவில்லை.

ராத்திரியில் வலி தாங்காமல் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். சாப்பாடு இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. அப்பா, "அவகிட்ட எதுவும் சொல்லக்கூடாது, சொன்னா அன்னைக்கே படுத்துருவா" என்கிறார். அம்மாவிடம் அல்சர் என்றுதான் சொல்லியிருக்கிறோம். உறவுக்காரர்கள் ஆளுக்கொரு ஊர், ஆளுக்கொரு வைத்தியர் சொல்கிறார்கள். அண்ணன் பெங்களூரில். இங்கே நானும் அப்பாவும்தான். இதைக் கடந்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

குன்னூர் சிஸ்டர் (ஓய்வுபெற்ற செவிலியர், வலி நிவாரணப் பிரிவில் வேலை பார்த்தவர்)

தங்கச்சி, முதலில் வலியைப் பார்ப்போம். மற்றதெல்லாம் அதற்கப்புறம். வலியில் சுருண்டு கிடப்பவரிடம் சாப்பாட்டையும் பேச முடியாது, சாமியையும் பேச முடியாது.

இப்போது என்ன மாத்திரை போகிறது? வலி வரும்போது மட்டும் கொடுக்கிறீர்களா? பெரும்பாலான வீடுகளில் அப்படித்தான் நடக்கிறது. புற்றுநோய் வலிக்கு அது போதாது. மணி பார்த்து, வலி வருவதற்கு முன்னால் அடுத்த வேளை மருந்து போக வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 1986இல் வகுத்த படிமுறைதான் இன்றைக்கும் அடிப்படை. பாரசிட்டமால் வகையில் தொடங்குவார்கள், அடங்காவிட்டால் டிரமடால் போன்றவை, அதற்கும் அடங்காவிட்டால் மார்பின். வலி கடுமையாக இருந்தால் ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருக்கத் தேவையில்லை, டாக்டர் நேராகவே மார்பின் எழுதலாம்.

மார்பின் சாதாரண மாத்திரை ஏறக்குறைய 4 மணி நேரம் வேலை செய்யும். படுக்கப் போகும்போது உள்ள வேளையைக் கொஞ்சம் கூட்டி எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள், நடுச்சாமத்தில் எழுப்பாமல் இருக்கலாம். 12 மணி நேரத்துக்கு ஒன்று என்று நீண்ட நேர மாத்திரை கொடுத்திருந்தால் அதை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. மெதுவாகக் கரைய வேண்டிய மருந்து மொத்தமாக ஒரே நேரத்தில் இறங்கிவிடும். முழுங்க முடியவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லி வேறு வடிவத்துக்கு மாற்றுங்கள். இடையில் திடீரென்று வலி கிளம்பினால் கொடுக்க ஒரு தனி வேளையும் எழுதி வாங்கி வையுங்கள்.

மார்பின் எடுக்கும் கிட்டத்தட்ட எல்லோருக்கும் மலம் இறுகும். அது தானாகச் சரியாகாது. முதல் நாளிலிருந்தே மலமிளக்கி கூடவே போக வேண்டும். குமட்டலும் மயக்கத் தூக்கமும் முதல் சில நாட்கள் இருக்கும், பெரும்பாலும் அடங்கிவிடும். பல ராத்திரி தூங்காதவர் வலி விட்டதும் அடித்துப்போட்ட மாதிரி தூங்குவார், அதற்குப் பயப்படாதீர்கள். தட்டி எழுப்பியும் எழவில்லை, மூச்சு ரொம்பக் குறைந்துவிட்டது என்றால் மட்டும் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

இது பக்கத்து மெடிக்கலில் கிடைக்காது. போதைப்பொருள் சட்டம் 1985இல் வந்தபோது கெடுபிடி அதிகம், மருத்துவமனைகளே வாங்கி வைக்கப் பயந்தன. 2014இல் சட்டத்தைத் திருத்திய பிறகு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் வாங்கி வைத்துக் கொடுக்கலாம். கீமோ கொடுத்த இடத்திலேயே வலி நிவாரணப் பிரிவு இருக்கிறதா என்று கேளுங்கள். மாவட்ட அளவில் ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள். ஒவ்வொரு தடவையும் அம்மாவை மலையிறக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இருக்காது. சீட்டோடும் காலி அட்டையோடும் வீட்டில் ஒருவர் போனால் கொடுக்கிறார்களா என்று முதல் தடவையே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மழை மாதங்களில் மேட்டுப்பாளையம் ரோட்டில் பர்லியார் பக்கம் மண் சரிந்தால் ரோடு எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது. மாத்திரை தீரும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே வாங்கி வைப்பது நம் மலையில் ரொம்ப முக்கியம். மார்பினைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

தென்றல் (மேட்டுப்பாளையம்)

மன்னிக்கவும், மாற்றுக் கருத்து. மார்பின் ஆரம்பித்தால் கதை முடிந்தது என்றுதான் அர்த்தம். எங்கள் பெரியப்பாவுக்கு ஆரம்பித்து ஒரு வாரம் தாண்டவில்லை. அடிமையாகவும் ஆகிவிடுவார்கள் என்கிறார்கள். அதற்கு மூலிகைக் கஷாயம் எவ்வளவோ மேல். எனக்குத் தெரிந்த வைத்தியர் ஒருவர் முற்றிய நிலையில் இருந்தவர்களையே குணமாக்கியிருக்கிறார்.

குன்னூர் சிஸ்டர்

தென்றல் தம்பி, உங்கள் பெரியப்பாவை நினைத்து எழுதியிருக்கிறீர்கள் என்று புரிகிறது. நம் ஊரில் கடைசி வாரத்தில்தான் மார்பினைக் கையில் எடுக்கிறார்கள். அதனால் மருந்தும் மரணமும் சேர்ந்தே வந்த மாதிரித் தெரிகிறது. அந்த மரணத்தைக் கொண்டு வந்தது நோய். சரியான அளவில் மாதக்கணக்காக மார்பின் எடுத்துக்கொண்டு சமையலறையில் நின்று தாளித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். டாக்டர் மேற்பார்வையில் வலிக்காக எடுப்பவர்கள் அடிமையாவது மிக அரிது. நாளாக நாளாக அளவு கூடலாம், அது நோயின் வலி கூடுவதால்.

கஷாயத்தைப் பற்றி: அந்த நம்பிக்கையை யாரும் கேலி செய்ய வேண்டாம். ஆனால் கல்லீரல் பாதிக்கப்பட்டவருக்கு, உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாத மருந்தைக் கொடுப்பது ஆபத்து. குணப்படுத்துகிறேன் என்று மொத்தமாகப் பணம் கேட்டால் அந்த வாசலை மிதிக்காதீர்கள். வீட்டில் இருக்கும் பணம் இனி ஆள் வைத்துக்கொள்ளவும் வண்டிக்கும் மருந்துக்கும் தேவைப்படும்.

கூடலூர்க்காரன்

சிஸ்டர் சொன்னதோடு ஒன்று. எங்கள் பக்கம் கேரளா எல்லை என்பதால் கண்ணால் பார்த்தது. கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் 1993இல் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ் குமாரும் ஒரு சின்ன வலி நிவாரண கிளினிக்காகத்தான் தொடங்கினார்கள். அது அப்படியே ஊர் ஊராகப் பரவி, ஆட்டோ ஓட்டுபவரும் வாத்தியாரும் கடைக்காரரும் பயிற்சி எடுத்துக்கொண்டு வாரத்துக்குச் சில மணி நேரம் நோயாளிகள் வீட்டுக்குப் போகிறார்கள். 2008இல் கேரள அரசு இதற்கென்றே கொள்கை வகுத்தது. வயநாட்டில் என் மாமனாருக்கு அப்படித்தான் வந்தார்கள். நர்ஸ் புண்ணைக் கழுவிக் கட்டும்போது, கூட வந்த தன்னார்வலர் என் மாமியாரைத் தனியாக வெளியே கூட்டிப்போய் "நீங்க சாப்பிட்டீங்களா, தூங்குனீங்களா" என்று கேட்டார். அதுவரை அந்த வீட்டில் யாரும் அவரை அப்படிக் கேட்டிருக்கவில்லை. அவர் அழுது முடிக்கும்வரை அந்த மனிதர் திண்ணையில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

நம் நீலகிரியிலும் ஒவ்வொரு படுகர் ஹட்டியிலும் எஸ்டேட்டிலும் அப்படி நாலு பேர் சேர வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

சுகாதாரப் பணியாளர் (ஊட்டி வட்டாரம்)

அரவேணு மகள், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரை மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். 2021இல் தொடங்கும்போதே வீட்டுக்கு வந்து பார்க்கும் வலி நிவாரண ஆதரவு சிகிச்சையும் பிசியோதெரபியும் அதில் சேர்ந்தே வந்தன. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டிஸ்சார்ஜ் சீட்டு நகலைக் கொடுத்துப் பெயரைப் பதிவு செய்யுங்கள். புண் கட்டுவது, மூத்திரக் குழாய் மாற்றுவது, படுக்கைப் புண் பார்ப்பது எல்லாம் வீட்டிலேயே நடக்கும். மலையில் வீடுகள் தள்ளித் தள்ளி இருப்பதால் வருகைக்கு நாள் இடைவெளி விழும். போன் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டு நினைவூட்டுங்கள், தொந்தரவு என்று தயங்க வேண்டாம்.

ஃபர்ன்ஹில் வாசி (ஊட்டி)

இந்த இழையை முழுக்கப் படித்தேன். எல்லோரும் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பவர்கள். நான் கட்டிலில் இருப்பவள். மார்பகத்தில் ஆரம்பித்து இப்போது எலும்பில் இருக்கிறது. குணமாகாது என்று தெரியும். அதனால் அரவேணு மகளுக்கு இதை அக்காவாக எழுதுகிறேன்.

உங்கள் அம்மாவுக்கு அநேகமாகத் தெரிந்திருக்கும். கீமோ வார்டில் பக்கத்துப் படுக்கையில் இருந்தவர்களுக்கு என்ன நோய் என்று அவர் பார்க்காமலா இருந்திருப்பார்? முடி கொட்டியது அல்சராலா? எனக்கும் என் வீட்டில் மறைக்கத்தான் பார்த்தார்கள். நான் அறைக்குள் வந்தால் பேச்சு நிற்கும். போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போவார்கள். வலியைவிட அதுதான் என்னை அறுத்தது. எனக்குத் தெரியும் என்று அவர்களுக்குத் தெரியக்கூடாதே என்று நானும் நடித்தேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஆளுக்கொரு மூலையில் தனியாக அழுதோம். என் சின்ன மகள்தான் ஒருநாள் நேராகக் கேட்டாள், "அம்மா, உனக்கு என்ன பயமா இருக்கு?" அன்றைக்குத்தான் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பேசினோம். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

அதற்குப் பிறகு எவ்வளவோ வேலை முடிந்தது. பேங்க் நாமினி மாற்றினேன். வீட்டுப் பத்திரம் எங்கே, யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், எல்லாம் நோட்டில் எழுதியாயிற்று. கடைசி நேரத்தில் வென்டிலேட்டர் வேண்டாம் என்றும் எழுதி வைத்துவிட்டேன். உச்ச நீதிமன்றம் 2018இல் இதை அனுமதித்தது, 2023இல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட்டு நோட்டரியிடமோ கெஜட்டட் அதிகாரியிடமோ சான்று வாங்கினால் போதும், மாஜிஸ்திரேட்டைத் தேடிப் போக வேண்டியதில்லை.

பார்க்க வருபவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். "தைரியமா இருங்க" என்பதைக் கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டேன். பழக்கூடையோடு வந்து என் எதிரிலேயே "எவ்வளவு இளைச்சுட்டா பாருங்க" என்று என் வீட்டுக்காரரிடம் சொல்கிறவர்கள் தயவுசெய்து வராதீர்கள். எனக்குப் பிடித்த விருந்தாளி பக்கத்து லைனில் இருக்கும் ஒரு பாட்டி. வருவார், தலைக்கு எண்ணெய் வைத்துச் சிக்கெடுப்பார், யார் தோட்டத்தில் காட்டெருமை இறங்கிக் கேரட்டை மிதித்தது என்று ஊர்க்கதை சொல்வார், நான் கண் அசந்தால் போர்வையை இழுத்துவிட்டுப் போய்விடுவார். அவர் இருக்கும்போது நான் நோயாளி இல்லை.

இன்னொன்று. என்ன குழம்பு வைப்பது என்று இப்போதும் என்னைக் கேளுங்கள் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். உங்கள் அம்மாவையும் கேளுங்கள். எந்தப் பக்கம் படுக்கணும், ஜன்னல் திறக்கவா, யார் வரலாம், யார் வர வேண்டாம். சாகும்வரை அது அவருடைய வீடு.

கேத்தி பெரியவர்

ஃபர்ன்ஹில் அம்மாவுக்கு வணக்கம். உங்கள் எழுத்தைப் படித்ததும் எழுந்து போய்க் கொஞ்ச நேரம் வெளியே நின்றுவிட்டு வந்தேன்.

ஆனால் எல்லோரும் அப்படித் தெரிந்துகொள்ள விரும்புவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். என் தகப்பனார் ஆரம்பத்திலேயே, "டாக்டர்கிட்ட நீங்களே பேசிக்குங்க, எனக்கு விவரம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். கடைசிவரை கேட்கவில்லை. அமைதியாகத்தான் போனார். அதனால் உண்மையைச் சொல்லியே தீர வேண்டும் என்று ஒருவர் மேல் திணிப்பதும் சரியில்லை. அவருக்கு எவ்வளவு தெரிய வேண்டும் என்பதை அவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

குன்னூர் சிஸ்டர்

ஐயா சொல்வது ரொம்பச் சரி. இரண்டு பேர் சொல்வதும் ஒன்றுதான், தீர்மானம் நோயாளி கையில்.

எங்கள் பிரிவில் "உங்களுக்கு இன்ன நோய்" என்று நாங்களாக ஆரம்பிக்க மாட்டோம். "உங்க உடம்புக்கு என்னன்னு நீங்க நினைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருப்போம். அந்த மௌனம் நமக்குத்தான் கஷ்டம், அவர்களுக்கு இல்லை. பதில் வந்ததும், "இன்னும் விவரமா தெரிஞ்சுக்கணுமா, இல்ல வீட்டுல யாருகிட்டயாவது பேசட்டுமா?" என்று கேட்போம். அவர் வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுவோம். "நான் பிழைப்பேனா?" என்று அம்மா நேராகக் கேட்டால் மட்டும் பொய் சொல்லாதீர்கள். "நோயைக் குணப்படுத்த மருந்து இல்லைன்னு சொல்றாங்கம்மா. ஆனா வலி இல்லாம நாங்க பார்த்துக்குவோம், உங்களை விட்டு எங்கேயும் போக மாட்டோம்" என்று சொல்லலாம். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அப்பாவையும் கூட வைத்துக்கொண்டு பேசுங்கள். அவர் அம்மாவைக் காப்பாற்றுவதாக நினைத்துத் தனியாகச் சுமக்கிறார்.

சாப்பாடு. இதில்தான் வீட்டுப் பெண்கள் ரொம்ப நொந்துபோகிறார்கள். நோய் முற்றும்போது பசி தானாகவே அடங்கிவிடும். சாப்பிடாததால் அவர் மெலியவில்லை, உடம்பு உணவை ஏற்கும் நிலையைத் தாண்டிக்கொண்டிருக்கிறது. மூக்கைப் பிடித்து ஊட்டினால் புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். கேட்கும்போது, கேட்டதை, இரண்டு ஸ்பூன். நீர்மோர், ராகிக் கஞ்சி, தேங்காய்ச் சட்னி தொட்டு ஒரு வாய் இட்லி, எதுவானாலும் சரி. கடைசி நாட்களில் டிரிப்ஸ் ஏற்றச் சொல்லி உறவுக்காரர்கள் நெருக்குவார்கள். அந்த நிலையில் ஏற்றும் நீர் கை காலில் வீக்கமாகவும் மூச்சில் சளியாகவும் சேரலாம், டாக்டர் வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். வாயை மட்டும் காயவிடாதீர்கள். மெத்தென்ற பிரஷ், உப்பும் சமையல் சோடாவும் கலந்த தண்ணீரில் கொப்பளிப்பு, உதட்டுக்குத் தேங்காய் எண்ணெய். நாக்கில் வெள்ளையாகப் படிந்தால் அது பூஞ்சைத் தொற்று, மருந்து இருக்கிறது, சொல்லுங்கள்.

நம் குளிருக்கென்று சில எச்சரிக்கை. கதவு ஜன்னலை அடைத்துக்கொண்டு அறைக்குள் கரிக்கணப்பு வைக்கவே வைக்காதீர்கள். அந்தப் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குபவர் தூக்கத்திலேயே போய்விடுவார். ஃபென்டனில் என்று தோலில் ஒட்டும் பட்டை கொடுத்திருந்தால் அதன் மேல் சுடுதண்ணீர்ப் பை, ஹீட்டர் சூடு எதுவும் படக்கூடாது. சூடு பட்டால் மருந்து வேகமாக உடம்பில் ஏறிவிடும். இதை எத்தனை வீட்டில் சொல்லாமல் பட்டையை மட்டும் கொடுத்து அனுப்புகிறார்கள் என்று நினைத்தால் கோபமாக வருகிறது.

மூச்சு வாங்கினால் தலைப்பக்கம் உயர்த்தி, முகத்தில் காற்றுப் படும்படி ஒரு சின்ன ஃபேன் வையுங்கள். குளிர் ஊரில் ஃபேனா என்று சிரிப்பார்கள், ஆனால் முகத்தில் படும் காற்று மூச்சுத் திணறலைக் குறைக்கும். முதுகு, இடுப்பு, குதிகாலைத் தினமும் பாருங்கள். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தால் படுக்கைப் புண்ணைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

பெங்களூர் தம்பி

நான் இந்த அண்ணன் நிலையில் இருப்பவன், என் அப்பாவும் ஊட்டியில் இதே நோயோடு இருக்கிறார். தூரத்தில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

ஃபர்ன்ஹில் வாசி

தம்பி, பக்கத்தில் இருந்து பார்ப்பவரிடம் கேள்வி கேட்பதை நிறுத்துங்கள். "ஏன் அந்த ஆஸ்பத்திரிக்குப் போகல, ஏன் இத கொடுக்கல" என்று தினமும் போனில் கேட்பவர்களால் என் மூத்தவள் அழுததைப் பார்த்திருக்கிறேன். மருந்துச் செலவு, வண்டி வாடகை, காப்பீட்டு அட்டை வேலை, டாக்டர் அப்பாயின்ட்மென்ட் எல்லாவற்றையும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். மாதத்தில் ஒரு சனி ஞாயிறாவது வந்து, பார்த்துக்கொள்பவரை வெளியே அனுப்பிவிட்டு நீங்கள் ராத்திரி விழித்திருங்கள். அப்பாவிடம் வீடியோ காலில் உடம்பைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள், கிரிக்கெட் பேசுங்கள்.

அரவேணு மகள்

இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. சிஸ்டர் சொன்னபடி மார்பின் எழுதி வாங்கிவிட்டோம். அம்மா ராத்திரி தூங்குகிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவும் முடிந்தது.

நேற்று அப்பாவையும் உட்காரவைத்துக்கொண்டு அம்மாவிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன். "அல்சருக்கு யாராவது மொட்டை அடிப்பாங்களா?" என்றார். அப்பா அழுதுவிட்டார். அம்மாதான் அவரைத் தேற்றினார். பிறகு, பெரியம்மாவைப் பார்க்க வேண்டும் என்றார். இலங்கையிலிருந்து திரும்பி வந்த காலத்தில் இரண்டு பேரும் ஒன்றாகத் தேயிலை எடுத்தவர்கள். பெரியம்மா இப்போது பந்தலூர் பக்கம் டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்தின் லைன் வீட்டில் இருக்கிறார். முட்டி வலி, பஸ்ஸில் தனியாக வர முடியாது. அம்மாவை அவ்வளவு தூரம் கூட்டிப்போகலாமா சிஸ்டர்? இடுப்புப் பக்கம் தோல் சிவந்திருக்கிறது, அதுவும் கவலை.

குன்னூர் சிஸ்டர்

பந்தலூர்வரை வேண்டாம் கண்ணு, அத்தனை வளைவுக்கு அவர் உடம்பு தாங்காது. பெரியம்மாவைத்தான் இங்கே கொண்டு வர வேண்டும். சிவந்த இடத்தைத் தேய்க்காதீர்கள், அந்தப் பக்கம் படுக்க விடாதீர்கள். காற்றுப் படுக்கை ஒன்று உடனே தேவை.

கூடலூர்க்காரன்

பெரியம்மா எந்த டிவிஷன் என்று தனிச்செய்தியில் அனுப்புங்கள். வியாழக்கிழமை காய்கறி லோடோடு ஊட்டி வருகிறேன், என் மனைவியும் வருகிறார். பெரியம்மாவை முன் சீட்டில் உட்காரவைத்துக் கூட்டி வந்துவிடுகிறோம். ஊட்டியிலிருந்து கோத்தகிரிக்கு யாராவது ஏற்பாடு செய்ய முடியுமா?

கேத்தி பெரியவர்

ஊட்டியிலிருந்து என் மகன் ஜீப்பில் கூட்டிப்போவான். தகப்பனாருக்கு வாங்கிய காற்றுப் படுக்கை வீட்டில் சும்மாதான் இருக்கிறது, பம்ப்பைப் போட்டுப் பார்த்துவிட்டேன், நன்றாக ஓடுகிறது. அதையும் அதே வண்டியில் அனுப்புகிறேன். கரண்ட் போனால் காற்று இறங்கும், இன்வெர்ட்டர் லைனில் மாட்டுங்கள்.

குன்னூர் சிஸ்டர்

பெரியம்மா வந்து இறங்கும் நேரத்துக்கு முன்னால் அம்மாவின் மருந்து வேளை தவறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வலியில்லாமல் பேசட்டும். நான் வெள்ளிக்கிழமை காலையில் வந்து தோலைப் பார்க்கிறேன். பெரியம்மா இருக்கும் நாட்களில் ராத்திரி அவர் பார்த்துக்கொள்வார், நீங்களும் அப்பாவும் படுத்துத் தூங்குங்கள்.